அழுகை கேட்கும் வரை

தாலாட்டு டாக்டர் என்றால் அந்த மருத்துவமனையில் தெரியாதவர் கிடையாது. எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரிக் குழந்தையும் அந்த அம்மாளின் பாட்டுக்குப் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். அப்பேர்ப்பட்டவரை மயக்க மருந்துப் பயிற்சியில் குழந்தைபோல மூச்சுவிடும் ஒரு பொம்மை மண்ணைக் கவ்வ வைத்தது. பொம்மை அசையாமல் கிடந்தது. நன்றாகத் தூங்குகிறது என்று இவரும் சும்மா நின்றார். அது மூச்சை நிறுத்தியிருந்தது.

"பிள்ளைங்க அமைதியானா உங்களுக்கு நிம்மதியாயிடுது மேடம். இங்க அதான் ஆபத்து," என்றாள் பயிற்சியாளர். இவரிடம் படித்த பெண்! டாக்டருக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

இன்று நிஜக் குழந்தை. ஊஞ்சலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஐந்து வயதுச் சிறுமி. பயிற்சியாளர் கைகட்டி ஓரமாக நின்றாள். "நான் உதவிக்குக் கை நீட்ட வேண்டி வந்தா, தனியா மயக்க மருந்து கொடுக்க உங்களுக்கு அனுமதி கிடையாது."

டாக்டர் மயக்க மருந்தை ஏற்றினார். எலும்பு டாக்டர் கையை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டும் போட்டார். "அவ்வளவுதான், கடையைக் கட்டலாம்!" எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே வந்த தாய் மகளை முத்தமிட்டு, குளிருமே என்று கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

திரையில் மூச்சைக் காட்டும் கோடு படுத்தது. மணி அடித்தது.

"அம்மா முத்தம் கொடுத்ததுல மூச்சை அளக்கிற மூக்குக் குழாய் நழுவியிருக்கும்," என்று நர்ஸ் மணியை அணைத்தாள். "ஆக்ஸிஜன் தொண்ணூத்தொன்பது இருக்கே."

டாக்டருக்கும் அதை நம்பத்தான் ஆசை. முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவரை உறுத்தியது. இதுவரை வலிதான் மருந்தை மீறி இவளை மூச்சுவிட வைத்திருந்தது. வலி போனதும் மருந்தின் கை ஓங்கியிருக்கும். ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது அந்த எண் உடனே இறங்காது.

போர்வையை உருவி எறிந்தார். மார்பு அசையவில்லை.

தாடையை உயர்த்திப் பிடித்தார். ஒன்றும் இல்லை. "பை!" நர்ஸ் நீட்டிய மூச்சுப்பையை முகத்தில் வைத்து அழுத்தினார். மார்பு எழுந்தது, தாழ்ந்தது. இன்னொரு முறை. மூச்சே, வந்துவிடு தாயே என்று மனம் கெஞ்சியது.

குழந்தை இருமியது. பிறகு தானாக ஒரு மூச்சு. கொஞ்ச நேரத்தில் கண் விழித்து வீறிட்டது.

பயிற்சியாளர் பாதி நீட்டிய கைகளை மறுபடி கட்டிக்கொண்டாள். டாக்டர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாய் டாக்டரிடம் ஓடி வந்தாள். "ஐயோ, இப்படி அழுறாளே! ஒரு பாட்டுப் பாடுங்க டாக்டர், நீங்க பாடினா அடங்கிடுவா."

"பாட மாட்டேம்மா." டாக்டரின் கண்களிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. "அழு கண்ணு. இன்னும் சத்தமா அழு."