பெல்ட் கழற்றிய நாய்

“இந்த நாய் யாரோடதும்மா?”

மாடி வீட்டு வாசலில் நின்று நகராட்சி ஆய்வாளர் அவளைத்தான் கேட்டார். பதில் அவள் கணவனிடமிருந்து வந்தது.

“தெரு நாய் சார். பாவம்னு மிச்சம் மீதி ஏதாவது போடுவோம். அதுக்காக எங்களுதுன்னு ஆயிடுமா?”

அவள் தலை நிமிரவில்லை. ஆய்வாளரின் வண்டிச் சத்தம் கேட்டதுமே அவன் அவசர அவசரமாகக் குண்டன் என்ற அந்த நாயின் கழுத்துப் பெல்ட்டைக் கழற்றித் துணி வாளிக்குள் அமுக்கியதை அவள் பார்த்திருந்தாள். பெல்ட் போனாலும் தடம் போகவில்லை. கழுத்தைச் சுற்றி முடி வளையமாகப் படிந்து கிடந்தது. அது போதாதென்று குண்டன் உள்ளே போய், தலையணையை இழுத்துப் போட்டு அதன்மேல் சொகுசாகப் படுத்துக்கொண்டது.

“தெரு நாய்க்குக் கவனிப்பு பலமாத்தான் இருக்கு,” என்றார் ஆய்வாளர்.

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா சிரிக்கவில்லை. வாசல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தைத்து முடித்த திரைச்சீலையைக் கொடுக்க முந்தாநாள் மேலே வந்தபோதுதான் குண்டன் பாய்ந்து அவள் வலது கையைக் குதறியது. மணிக்கட்டிலிருந்து விரல்வரை கட்டு. கட்டைவிரல் இனி மடங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கும் விரல் அது.

“தெரு நாய்னா இப்பவே பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. வீட்டு நாய்னா பொறுப்பு உங்களுது. ஊசி போட்டீங்களான்னு சொல்லணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் ஆய்வாளர்.

கணவன் முழங்கையால் அவளை இடித்தான். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழகிய இடி. இந்த முறை அவள் நகர்ந்து நின்றாள்.

“எங்களுதுதான் சார். குட்டியிலேருந்து நான்தான் வளத்தேன். ஊசி போடல.”

“உனக்கென்ன பைத்தியமா?” கணவன் பல்லைக் கடித்தான்.

அக்காவின் முகம் இளகியது.

“நீயாவது உண்மையச் சொன்னியே கண்ணு. போகட்டும் விடு. வாயில்லா ஜீவன், ஏதோ மிரண்டுடுச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால் தனக்குப் பொருந்தாத மன்னிப்பை வாங்கி வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

“மிரளலக்கா. போன மாசம் சிலிண்டர் போடுற அண்ணனையும் கடிச்சுது. கால்ல விழாத குறையா கெஞ்சி, வெளிய சொல்லாம பாத்துக்கிட்டோம். கட்டிப்போட்டா அழுவுது, எனக்கு மனசு வரல. நீங்க மேல வர்றேன்னு போன் பண்ணப்போ சங்கிலிய கையில எடுத்தேன்க்கா. அது என் மூஞ்சியப் பாத்துச்சு. திரும்ப ஆணியிலயே மாட்டிட்டேன்.”

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். உள்ளே குண்டன் கொட்டாவி விட்டது.

“அக்கா, என்னைத் திட்டுங்கக்கா. ரெண்டு அறை விடுங்க.”

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டு திரும்பினாள். கைப்பிடியைப் பிடிக்க முடியாமல், சுவரில் தோளை உரசியபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.