மிளகுக்குத் தெரிந்த பாதை

"பட்டியிலேயே நிக்கிற குதிரைக்கு லாடம் இப்படித் தேயுமா?" என்று கேட்டார் லாடக்காரர்.

மிளகின் முன்னங்காலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வாயில் நாலு ஆணியைக் கடித்தபடி கேட்டார். வாயில் ஆணி இருந்தால்தான் மனிதருக்குப் பேச்சே வரும்.

"மணல்ல ஓடறாளே, தேயாதா?" என்றேன்.

"மணல் தேய்ச்சா வழவழன்னு இருக்கும்மா. இது கல்லு தேய்ச்சது. நுனியைப் பாரு."

நான் குனிவதற்குள் லாயத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அண்ணே, காலைப் பாக்கச் சொன்னா ஜாதகம் பாக்கறீங்களே! சீக்கிரம் ஆகட்டும். இன்னிக்கு அவளுக்கு முதல் நாள்."

லாடக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஆணி அடிக்க ஆரம்பித்தார். நானும் அதை மறந்துவிட்டேன். எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. மிளகு முதல் தடவையாக வேலியைத் தாண்டி வெளியே போகப் போகிறாள். அவள் முதுகில் நான்.

மிளகு சாம்பல் நிறம். உடம்பெல்லாம் யாரோ மிளகை இடித்துத் தூவியது போலப் புள்ளிகள். வயது நாலு. பிறந்த அன்று அவளைத் துணியால் துடைத்துவிட்டது நான். கழுத்தில் கயிறு போடப் பழக்கியது நான். சேணம் வைத்தது, ஏறியது, விழுந்தது எல்லாம் நானே. மூன்று மாதத்துக்கு முன் காற்றில் ஒரு நீலத் தார்ப்பாய் படபடத்தது. மிளகு ஒரு பக்கம் போனாள், நான் மறுபக்கம் போனேன். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். இப்போதும் வியாழக்கிழமை காலையில் தோளுக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

லாயம் அக்காவுடையது. மிளகின் தாயும் அக்காவுடையதுதான். ஆனால் அக்கா ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள்: "முதல் வெளிப் பாதையை ஒழுங்கா முடிச்சுக் கூட்டிட்டு வா. அன்னியிலிருந்து அவ உன் குதிரை." நானும் மிளகும் அந்த நாளுக்காகத்தான் மணலில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து இறங்கியதும் மிளகின் காதருகே போய், "ஆச்சு" என்பேன். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. 'இனி உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன், ஓய்வெடு' என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்டால் தலையை அப்படியே தாழ்த்தி, உதட்டைச் சப்புக் கொட்டிக்கொண்டு, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்பாள். ஒரு வருஷம் ஆயிற்று அதைப் பழக்க. அது எங்கள் இருவருக்கும் உள்ள ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

"மேட்டு வழியில போலாம்," என்றாள் அக்கா, பெரியவர் மேல் ஏறிக்கொண்டே.

பெரியவர் என்பது எங்கள் கிழக் குதிரை. இருபத்திரண்டு வயது. இடி இடித்தால்கூட ஒரு காதை மட்டும் திருப்பி யாரென்று பார்ப்பார். இளங்குதிரையின் முதல் பயணத்தில் இப்படி ஒருவர் முன்னால் போக வேண்டும். அவர் பயப்படவில்லையென்றால் பின்னால் வருவதும் பயப்படாது.

"ராத்திரி மழை பெஞ்சிருக்கே அக்கா. மேடெல்லாம் வழுக்கும். ஆத்தங்கரையில போலாம்."

"அங்க பாலத்துக்குப் புதுப் பலகை போட்டிருக்காங்க. சத்தம் கேட்டு மிரளுவா."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க." அக்கா சேணத்து வாரை இறுக்குவது போலக் குனிந்தாள். "சரி, உன் இஷ்டம். ஆனா பாலம் தாண்டினதும் இடது பக்கம். வலது பக்கம் வண்டி வரும்."

"சரிங்க, கலெக்டர் அம்மா."

கிளம்பினோம். ஈரமண்ணில் குளம்புகள் சப் சப்பென்று பதிந்தன. மிளகின் காதுகள் முன்னும் பின்னும் ஆடின. பறவை பறந்தாலே துள்ளுவாள் என்று பிடரியில் ஒரு கையை வைத்தபடியே போனேன். அவள் துள்ளவில்லை. எதிரே சைக்கிளில் ஒருவர் மணியடித்துக்கொண்டு வந்தார். அதற்கும் துள்ளவில்லை.

"தங்கம்டி நீ," என்றேன்.

பாலம் வந்தது. வெள்ளை வெளேரென்று புதுப் பலகைகள். பெரியவர் முன்காலைத் தூக்கி ஒரு பலகையில் வைத்தார். டொக் என்றது. காலை எடுத்துவிட்டார். மூக்கை விடைத்தார். அக்கா குதிகாலால் தட்டினாள், நாக்கால் சொடுக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினாள். பெரியவர் கல்லாக நின்றார்.

போச்சு, அவரே நின்றுவிட்டார், இனி மிளகு எங்கே என்று நினைத்தேன். அப்போதுதான் அது நடந்தது. மிளகு பெரியவரைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்தாள். டொக் டொக் டொக்கென்று பாலத்தில் ஏறி, காதைக்கூட அசைக்காமல், கடிவாளம் தளர்ந்து தொங்க, அந்தக் கரைக்குப் போய் நின்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா, பாத்தியா! பாத்தியா என் பொண்ணை!" என்று கத்தினேன்.

மிளகு போன தைரியத்தில் பெரியவரும் மெல்லப் பாலத்தில் காலை வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதற்குள் வெகுதூரம் முன்னால் போய்விட்டோம்.

பாதை பிரிந்தது. இடப்பக்கம் வயல்வெளி. வலப்பக்கம் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு தெரு. நான் இடப்பக்கம் கடிவாளத்தைத் தொட்டேன். மிளகு வலப்பக்கம் திரும்பினாள். மிரண்டு திரும்பவில்லை. தினமும் ஆபீஸ் போகிறவர் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்புவாரே, அப்படி.

"இழுத்துப் பிடிடி! இடது பக்கம்! இடது பக்கம்!" பின்னாலிருந்து அக்கா அலறினாள். அந்தக் குரலில் இருந்தது எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இல்லை. நான் எதையோ பார்த்துவிடுவேனோ என்ற பயம்.

லாடக்காரர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. கல்லு தேய்ச்சது.

நான் கடிவாளத்தைத் தளர்த்தினேன். போ, எங்கே போகிறாய் என்று பார்க்கிறேன்.

மூன்றாவது வீட்டின் பச்சை கேட்டுக்கு முன்னால் மிளகு நின்றாள். உள்ளே காரின் மேல் போர்த்தியிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. மிளகு அதைப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள். பிறகு கழுத்தை நீட்டி உதட்டால் தாழ்ப்பாளைத் தட்டினாள். டிங்.

கதவைத் திறந்துகொண்டு பல் டாக்டர் வந்தார். போன வருஷம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். கையில் கேரட். "வந்துட்டாளா என் கண்மணி! வியாழக்கிழமைதானே வருவா, இன்னிக்கு என்ன அதிசயம்..." என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நீங்களா! விழுந்ததுக்கு அப்புறம் குதிரைப் பக்கமே போறதில்லைன்னு அக்கா சொன்னாங்களே. மனசு மாறிடுச்சா? ரொம்ப சந்தோஷம்!"

நான் இறங்கினேன்.

"எத்தனை தடவை வந்திருக்கா, டாக்டர்?"

"ஒரு ஆறு, ஏழு தடவை இருக்கும். பாலத்துக்குப் புதுப் பலகை போட்டதிலிருந்து வர்றாளே. அடுத்த ஞாயித்துக்கிழமை நிரந்தரமா வந்துடுவா. அங்க பாருங்க, அவளுக்கு இடம்கூட ரெடி." வீட்டின் பக்கவாட்டில் ஒரு புது லாயம் இருந்தது. பரப்பிய வைக்கோல், தண்ணீர்த் தொட்டி, கதவில் இன்னும் காயாத பெயின்ட்.

மிளகு கேரட்டைக் கடித்து முடித்தாள். டாக்டர் அவள் நெற்றியைத் தடவிவிட்டு, காதருகே குனிந்தார். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆச்சு."

மிளகு தலையைத் தாழ்த்தினாள். உதட்டைச் சப்புக் கொட்டினாள். பின்னங்காலைத் தளர்த்தினாள்.

தோள் எலும்பு முறிந்தபோது எனக்கு இப்படி வலிக்கவில்லை.

"அந்த வார்த்தை யார் சொல்லிக் கொடுத்தா?"

"உங்க அக்காதான். அவங்க பழக்கினதுதானே?" டாக்டர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் பின்னால் வந்து நின்ற அக்காவைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் ஏதாவது தப்பா..."

"நீங்க இல்ல, டாக்டர்."

அக்கா பெரியவரை விட்டு இறங்கி வந்தாள். "வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்."

"இங்கேயே பேசு. குதிரைக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியக்கூடாதா?"

"உன்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நான்டி. கை ஒரு பக்கம் தொங்குது, நீ பேச்சுமூச்சில்லாம கிடக்கறே. இன்னொரு தடவை அப்படிப் பாக்க என்னால முடியாது. அதான் டாக்டர்கிட்ட விலை பேசி முடிச்சேன்."

"பயம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ கேப்பியா?"

"கேட்டிருக்கமாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அதுக்காக அவளை நான் ஒதுக்கிட்டேன்னு ஊர்ல சொல்லுவியா? லாயத்துக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேட்டு, என் வார்த்தையைத் திருடுவியா?"

"ஒரு வார்த்தைதானேடி!"

"இன்னிக்கு எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தே?"

அக்கா கீழே பார்த்தாள். "ஒரு தடவையாவது நீ ஓட்டிப் பாக்கட்டுமேன்னு. முதல் தடவைன்னு நீ நினைச்சுக்கிட்டா என்ன குறைஞ்சுடப் போகுது?"

பிச்சை போட்டிருக்கிறாள். நான் அதைப் பரிசு என்று நினைத்து, பாலத்தின் மேல் நின்று ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறேன்.

என்னுடையது என்று சொல்ல என்னிடம் இருந்தது அக்காவின் வாய்வார்த்தை மட்டும்தான். அது போன பிறகு எதைப் பிடித்து இழுப்பது? மிளகின் வாரை அவிழ்த்தேன். சேணத்தை இறக்கினேன். அது மட்டும் என்னுடையது.

"ஞாயித்துக்கிழமைதானே..." என்றார் டாக்டர்.

"இன்னிக்கே இருக்கட்டும். பழகின இடம்தானே." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "வார் இறுக்கும்போது மூச்சை இழுத்து வயித்தை உப்பிக்குவா. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி இறுக்குங்க. இடது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா பிடிக்கும். பல்லு நல்லா இருக்கு. அதை நீங்களே பாத்திருப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்மா," என்றார்.

மிளகின் கழுத்தில் ஒரு தடவை முகத்தை வைத்தேன். கேரட் வாசனை. பாவம், அவள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. கேட்டதைச் செய்தாள், கற்றதைக் காட்டினாள்.

சேணத்தை நல்ல தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அக்கா பெரியவர் மேல் பின்னாலேயே வந்தாள். "ஏறிக்கடி, நான் நடந்து வரேன்." நடையை எட்டிப் போட்டேன். "தோள் வலிக்கும்டி." சேணத்தை இன்னும் ஏற்றிப் போட்டுக்கொண்டேன்.

நான் பாலத்தில் பாதி தூரம் போயிருந்தேன். குளம்புச் சத்தம் நின்றது. பெரியவர் மறுபடியும் மூக்கை விடைத்து நின்றிருந்தார். முன்னால் போக மிளகு இல்லை.

அக்கா தட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் இறங்கி இழுத்தும் பார்த்தாள். "கொஞ்சம் வந்து பிடியேன். நீ கூப்பிட்டா வருவார்."

அவர் என்ன பாவம் செய்தார்? சேணத்தைப் பாலத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். அக்காவின் கையிலிருந்து கடிவாளத்தை வாங்கினேன். "வாங்க, நான் இருக்கேன்," என்றேன். பெரியவர் என் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக யோசித்து யோசித்துக் கடந்தார். அக்கா பின்னால் வந்தாள்.

அந்தக் கரையில் கடிவாளத்தை அக்காவின் கையில் வைத்தேன். அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "கோபம் தீந்ததும் பேசுவேதானே? நாளைக்குக் காலையில லாயத்துக்கு வருவேதானே?"

விரல்களை விடுவித்துக்கொண்டேன். அவள் காதருகே போனேன். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஆச்சு, அக்கா."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஒட்டுக் கேட்டுக் கற்றவள் அல்லவா.