டூல்ரூம் லாகினில் மூன்று பேர்

ஓசூர் சிப்காட் பேக்கரியில் குருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்ட விதத்திலேயே சமியுல்லாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆள் டீ குடிக்க வரவில்லை, உரையாற்ற வந்திருக்கிறான் என்று. பெங்களூரில் பெரிய பதவி. விசிட்டிங் கார்டில் பதவியின் பெயரே இரண்டு வரி ஓடும்.

விஷயம் சின்னதுதான். பதினைந்து வருடங்களுக்கு முன், பக்கத்துத் தெருத் தொழிற்சாலையில் மெஷினுக்குப் புரோகிராம் எழுத இவர்கள் இருவரும் பிரவீனாவும் சேர்ந்து ஒரு எடிட்டர் மென்பொருள் செய்தார்கள். வேறு எந்த மென்பொருளுக்குள்ளும் அதைப் பொருத்திக்கொள்ளலாம். தொழிற்சாலையை மூடும்போது முதலாளி அதை மூவர் பெயருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது பிரவீனா சொந்தமாகச் செய்து விற்கும் மென்பொருளுக்குள் இருப்பது அதுதான். வாங்க வந்த கம்பெனி, "எடிட்டருக்கு லைசென்ஸ் எங்கே?" என்று கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் ஆர்டர் போய்விடும். மூவரும் சம்மதித்தால்தான் லைசென்ஸ்.

"எம்ஐடி லைசென்ஸ் போட்டுடலாம்டா. யாரு வேணா எடுத்துக்கட்டும், வித்துக்கட்டும்" என்றான் சமியுல்லா.

"ஆவாது. ஜிபிஎல் லைசென்ஸ்தான். நம்மளுத வெச்சு வித்தா, அவங்க புரோகிராமயும் தொறந்து குடுக்கணும். இது ஒரு இயக்கம், சமி. ஒரு தத்துவம்."

"அந்தத் தத்துவத்தோட போனா கம்பெனி வாங்காதுண்ணா. கேட்டுட்டேன்" என்றாள் பிரவீனா.

"அப்போ நான் எழுதுனத எடுத்துட்டு மீதிய வெச்சுக்கோங்க."

சமியுல்லா லேப்டாப்பைத் திறந்தான். அங்கேதான் சிக்கல். அந்தத் தொழிற்சாலையில் அவர்கள் வேலை பார்த்த டூல்ரூமில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின். மூன்று ஷிப்டில் மூவரும் எழுதியதெல்லாம் 'டூல்ரூம்' என்ற ஒரே பெயரில் பதிவாகியிருந்தது. எது யாருடையது என்று சொல்ல, புரோகிராம் வரிகளுக்கு நடுவே அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைத்த குறிப்புகள்தான் மிச்சம்.

வாசித்துப் பார்த்தான். "'குரு, இந்த வரிய தொடாத. தொட்டா மெஷின் நின்னுடும்.' கீழ, 'தொட்டேன். நின்னுடுச்சு.'"

பிரவீனா பஃப்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"'பக்ரீத் பிரியாணி அலமாரியில இருக்குது. பிராக்கெட் புரோகிராம் சரியா ஓடுனாதான் தின்னணும்.' கீழ, 'ஓடல. தின்னாச்சு.'"

"டப்பாவ கழுவி வெச்சேனே" என்றான் குருமூர்த்தி.

"கழுவல. நான் கழுவினேன்" என்றாள் பிரவீனா.

யோசித்தால், ஷிப்ட் மாறும் பத்து நிமிடம் தவிர மூவரும் ஒன்றாக இருந்ததே இல்லை. மீதி சிநேகமெல்லாம் இந்தக் குறிப்புகளில்தான் நடந்தது. சமியுல்லாவுக்கு அந்த மெஷினின் கூலண்ட் ஆயில் வாசனையே வந்துவிட்டது. குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பேக்கரியில் தூசி இல்லை.

"எம்ஐடியில கண்டிஷனே கெடையாதா?" என்றான்.

"ஒண்ணே ஒண்ணு. லைசென்ஸயும் நம்ம பேரயும் எடுக்கக்கூடாது. எடிட்டர் எங்க போனாலும் கூடவே போவும்."

"எங்க போனாலுமா?"

"எங்க போனாலும்."

இயக்கம் அங்கேயே கலைந்தது. தத்துவம் டீயில் நனைந்த பன் மாதிரி இறங்கியது.

"குறிப்பெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்" என்றான் குருமூர்த்தி. பிறகு ரொம்ப அலட்சியமாக, "பேரு எந்த வரிசையில?"

"உங்களுதே மொதல்ல இருக்கட்டும்ணா" என்றாள் பிரவீனா. "ஓடலேன்னா மொத பேருக்குத்தான் போன் பண்ணுவாங்க."

"அப்பிடியா?" என்று குருமூர்த்தி நிமிர்வதற்குள் சமியுல்லா லைசென்ஸைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டிருந்தான்.