பட்டாளம் நடந்த கால்

"இடது கால் பூட்ஸ எங்க வெச்ச?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எந்த இடது கால்?" என்றேன். எங்கள் வீட்டில் அது நியாயமான கேள்விதான். செருப்புக்குப் பஞ்சமில்லை, ஜோடிக்குத்தான் பஞ்சம்.

"அடி பிஞ்சிருக்குமே, அது. தைக்கக் குடுக்கணும்."

"கட்டிலுக்கு அடியில பாருங்க. எடுக்கறப்ப மண்ண வீட்டுக்குள்ள உதறாதீங்க, இப்பத்தான் கூட்டினேன்."

ஒற்றைப் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தைக்கும் கடை வரை போகவில்லை. தெருமுனை மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கடைக்காரர்தான் ஓடிவந்து சொன்னார். கையில் அந்தப் பையும் இருந்தது.

அவருடைய வேலை சினிமாவுக்காக நடப்பது. படப்பிடிப்பில் காலடிச் சத்தம் சரியாகப் பதிவாகாது. அதனால் பிறகு ஓர் அறையில், திரையைப் பார்த்துக்கொண்டே, நடிகர்களுக்குப் பதிலாக இவர் நடப்பார். மண்ணில், மரப்பலகையில், ஈரச் சாக்கில். கதாநாயகி படியிறங்கினால் அவளுடைய குதிகால் செருப்புக்குள்ளும் இவர் கால்தான்.

"எவ்வளவு பெரிய ஆளுங்கல்லாம் என் கால்ல நடக்கறாங்க தெரியுமா?" என்பார்.

"கடைக்குப் போகச் சொன்னா மட்டும் அந்தக் கால் வலிக்கும்" என்பேன்.

அவர் அதிகம் நடந்தது ஒரு போர்ப் படத்துக்கு. ஒரு மலையைப் பிடிக்க அனுப்பப்பட்ட சிப்பாய்களின் கதை. சமையல்காரன், முடிவெட்டுகிறவன், லாரி ஓட்டினவன் என்று எல்லோரும் துப்பாக்கியோடு ஏறுகிறார்கள். பாட்டு இல்லை. கொடி நாட்டவில்லை. ஏறும் வழியெல்லாம் விழுந்துகொண்டே வந்து, உச்சியில் நான்கு பேர் மிஞ்சுகிறார்கள். விடிந்ததும் அவர்களையும் கீழே இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். மலை தேவைப்படவில்லையாம்.

ஒரே வாரத்தில் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். "ஹீரோ யாருன்னே தெரியல அண்ணி, நான் யாருக்குக் கை தட்டறது?" என்றார் கொழுந்தன்.

"உங்க அண்ணன் காலுக்குத் தட்டுங்க" என்றேன்.

அவருக்குச் சின்ன வயதில் கணுக்கால் முறிந்து சேர்ந்தது. இடது கால் தரையைத் தொட ஒரு நொடி தாமதிக்கும். மற்ற படங்களில் அதை எப்படியோ மறைத்துவிடுவார். இதில் நாள் முழுக்க ஈர மண்ணில் நடந்து களைத்துப்போனதில் மறைக்க முடியவில்லை. டைரக்டர் கேட்டுவிட்டுக் கத்தினாராம்: "என்னய்யா இது, என் பட்டாளம் மொத்தமும் நொண்டுது?"

"தூக்கமில்லாம மலை ஏறறவன் பின்ன எப்படி சார் நடப்பான்?" என்றாராம் இவர். டைரக்டர் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்படித்தான் அந்தச் சிப்பாய்கள் அத்தனை பேரும் என் வீட்டுக்காரர் மாதிரி நடந்தார்கள்.

அவர் போன மறு வருஷம் ஒரு பெண் போன் செய்தாள். பழைய படங்களின் சத்தத்தைச் சரி செய்கிறவளாம்.

"சார் இருக்காரா?"

"இல்லம்மா."

"எப்ப வருவாரு?"

சொன்னேன். மன்னிப்புக் கேட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் படத்தை மறுபடியும் வெளியிடப் போகிறார்கள். காலடிகளைப் புதிதாக எடுக்கிறார்கள். முதலில் நடந்தவர் யாரென்று விசாரித்து, அவரையே கூப்பிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

"பழசையே வெச்சுக்கலாமே?" என்றேன்.

"இப்ப இருக்கிற ஸ்பீக்கர்ல அந்த நொண்டல் ரொம்பத் தெரியுதும்மா. முதலாளி மாத்தச் சொல்லிட்டாரு."

"அது அவரோட நடைம்மா. எங்கிட்ட அவரு போட்டோ இருக்கு. நடை அங்க மட்டும்தான் இருக்கு."

"நான் ஒரு வார்த்த சொல்லிப் பாக்கறேன். ஆனா என் கையில எதுவும் இல்லம்மா."

படம் வெளியானபோது பகல் காட்சிக்கு அழைத்துப் போனாள். எங்களையும் சேர்த்து ஏழெட்டுப் பேர். விளக்கு அணைந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிப்பாய்கள் நடக்கத் தொடங்கினார்கள். இரண்டு காலும் ஒரே சீராக விழுந்தன. சமையல்காரன் ஏறினான், லாரிக்காரன் ஏறினான். யாரோ நல்ல காலுள்ளவர் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்தவனாவது, அடுத்தவனாவது என்று காத்திருந்தேன். ஒவ்வொருவராக விழுந்து தீர்ந்தார்கள். ஒருவன்கூட அவரைப்போல் நடக்கவில்லை.

உச்சியில் மிஞ்சிய நால்வரும் உட்கார்ந்தார்கள். குண்டுச் சத்தம் நின்றது. படம் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் ஓடியது. எழுந்து போய்விடலாம் என்று முந்தானையைச் சுருட்டிக்கொண்டேன்.

அவள் என் காதருகே குனிந்தாள். "சொல்லிப் பாத்தேன்மா, கேக்கல. நடை எல்லாத்தையும் மாத்திட்டோம். இந்த அமைதி மட்டும் பழசு. எங்க ரூம்ல எடுத்தா ஏசி இரைச்சல் வருது. சார் நடந்த அதே ஹால்ல அன்னிக்கு எடுத்தது இது."

எனக்கு அந்த நாள் தெரியும். வேலை முடிந்ததும் ஹாலின் அமைதியையும் தனியாகப் பதிவு செய்வார்கள், வெட்டு ஒட்டு தெரியாமல் இருக்க. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். போட்ட கால் போட்டபடி நின்றேன். அவரும் மண்ணுக்கு நடுவே அப்படியே நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மைக்கில் எதுவும் விழவில்லை.

மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

திரையில் நால்வரும் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமில்லாத ஹாலில் இப்போதும் நாங்கள் இரண்டு பேர்தான் நிற்கிறோம்.