பதினேழைச் சுற்றி ஒரு வட்டம்

மாமல்லபுரம் கடற்கரையில் அடப்பங்கொடியை நானே பறித்தேன். இலையை உலர்த்தி, அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோய்த்த காகித வில்லைகளைக் கிருமித் தட்டுகளில் வைத்தேன். செங்கல்பட்டு அருகே ஒரு கல்லூரி ஆய்வகம். எந்த மருந்துக்கும் சாகாத பதினேழு கிருமிகள் ஒரு மருத்துவமனையிலிருந்து எண் போட்டு வந்திருந்தன. நோயாளியின் பெயர் இருக்காது. வயது, வார்டு, தேதி மட்டும்.

பதினேழாவதின் தேதி எனக்குத் தெரியும். அன்று ரத்தம் எடுத்தபோது என் மனைவி ரோகிணியின் மறு கையை நான் பிடித்திருந்தேன். ஏழு மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் செத்தாள். இருபத்தாறு வயது. சாதாரண மூத்திரத் தொற்றில் தொடங்கியது.

வில்லை வைத்த மறுநாள் காலை, பதினேழாம் தட்டில் வில்லையைச் சுற்றிப் பதினெட்டு மில்லிமீட்டர் வட்டம். அதற்குள் ஒன்றும் உயிரோடு இல்லை. மூன்று முறை அளந்தேன். வழிகாட்டி கோபாலகிருஷ்ணன் சார் அன்றே கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினார்.

தட்டுகளை அவித்துக் கழுவும் கோவளத்துத் தாவீது இன்னொரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

“வெறும் மெத்தனால் வெச்சதுலயும் இதே வட்டம் கீது, அண்ணாத்த. இலை இன்னாத்துக்கு? கொடி பறிக்க பஸ் ஏறிப் போனியே.”

அவசரத்தில் வில்லைகளைக் காயவிடாமல் வைத்திருக்கிறேன். கொன்றது இலையல்ல, மெத்தனால். முதலாண்டு மாணவன் செய்யும் தப்பு.

உலர்த்தி மறுபடி வைத்தேன். ஒன்பது தட்டுகளில் சின்ன வட்டங்கள் வந்தன. பதினேழாவது கிருமி மட்டும் வில்லையின் விளிம்புவரை வளர்ந்திருந்தது.

சார் அட்டவணையைப் பார்த்தார். “பதினேழைத் தூக்கிடு, அபிஷேக். மத்ததுல ஏதோ இருக்கில்ல? சாகாததை யாரு கேட்டா?”

மேசையைக் கவிழ்த்திருப்பேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“சாகாததுக்குத்தான் சார் மருந்து தேடறோம்.”

ரோகிணியின் பெயரை அவர் காதில் போட எனக்கு விருப்பமில்லை. பதினேழுக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதினேன். முதல் சுருக்கம் தவறு என்று கருத்தரங்குக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என் ஆராய்ச்சியின் இந்த அரையாண்டு அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் சார். போடாமல் இருக்கட்டும்.

சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் மலையடியில் வேறொரு செடியைப் பறித்து வந்தேன். அதன் சாறு தயாரான அன்று தாவீது எட்டிப் பார்த்தான்.

“இந்த தபாவாவது காய வெப்பியா?”

கடைசி வில்லை காயும்வரை நின்றேன். பிறகு பதினேழை முதலில் எடுத்தேன்.