சுப்புத்தாய் கையை இறக்கிய வரலாறு

2021ஆம் வருடம் தை மாதம் பதினோராம் தேதி, பன்னீர் திராட்சை தோட்டத்திலேயே கிலோ நாற்பத்தைந்து ரூபாய்க்குப் போன அன்று, செங்குளத்துப்பட்டி சுப்புத்தாய் கொடி கட்டத் தூக்கிய வலது கை திரும்பக் கீழே இறங்கவில்லை. அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்த மறுவாரமே திராட்சைப் பந்தலுக்கு அடியில் போய் நின்றவள். காலை ஏழு மணிக்குக் கையைத் தூக்கினால் மத்தியானம் இரண்டு மணிவரைக்கும் கொடி வெட்டும் கவாத்து, கொடி கட்டு, இலை கிள்ளு, பழம் பறி என்று கை மேலேயேதான் இருக்கும். அன்றைக்கு இரண்டு மணிக்கு எல்லோரும் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு கிளம்ப, அவளும் கிளம்பினாள். பந்தலை விட்டு வெளியே வந்து, வரப்பைத் தாண்டி, தார் ரோட்டுக்கு வந்த பிறகும் கை கம்பியைப் பிடித்த மாதிரியே நின்றது. தோட்டத்து முதலாளி விஜய்ராஜ் மோட்டார் ரூமிலிருந்து பார்த்துவிட்டு, வேலையில் இவ்வளவு பிடிப்பு உள்ள ஆளை நான் கண்டதில்லை என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கல்தூண் கணக்காய் நன்றாக இருந்தது. குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாள வைத்தியர் ஒருவர் எண்ணெய் தடவி, "கொழப்பமில்லா" என்று சொல்லி அனுப்பிவைத்தார். குழப்பமில்லைதான், கைதான் இறங்கவில்லை. நாள்பட நாள்பட ஊர் பழகிக்கொண்டது. கம்பம் ரோட்டு ஓரமாக அவள் நடந்துபோனால் போகிற பஸ் எல்லாம் நின்றது. கண்டக்டர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு அடையாளம் தெரிந்துகொண்டு சும்மா ஒரு விசிலோடு போனார்கள். இடது கையால் தலை சீவவும் அரிசி களையவும் பழகினாள். அவள் புருசன் கருத்தக்கண்ணன் குளித்துவிட்டு வந்தால் ஈரத்துண்டை அந்தக் கையில் காயப்போடுவான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, கை அங்கே இருந்தது, போட்டான். தோட்ட வேலைக்கு ஒற்றைக் கை போதாது என்று விஜய்ராஜ் அவளைப் பழம் பொறுக்கும் பக்கம் மாற்றினார், சம்பளத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றினார்.

வலியைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள், கிராமசபையைத்தான் தாங்க முடியவில்லை. விஜய்ராஜ்தான் ஊராட்சித் தலைவரும். கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்து, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பார். ஊராட்சிச் செயலர் பாண்டீஸ்வரன் எண்ண ஆரம்பிப்பதே சுப்புத்தாயின் கையிலிருந்துதான். அவளுடைய தெருக்குழாயைப் பிடுங்கி முதலாளி தோட்டத்து முக்கில் வைக்கிற தீர்மானமும் அப்படித்தான், அவள் கையை முதல் கையாக எண்ணி, ஏகமனதாக நிறைவேறியது. "நான் தூக்கலப்பா, அது தானா நிக்கிது" என்று அவள் எழுந்து சொல்லிப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணுதானக்கா, உக்காருங்க" என்றான் பாண்டீஸ்வரன். அன்றைக்கு இரண்டு குடம் தண்ணீருக்கு அரை மைல் நடந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்தியபோதும், மாப்பிள்ளையை முடிவு செய்தபோதும், பந்தலுக்கு அனுப்பியபோதும் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே கையைத் தூக்கினதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கை தை மாதம் நின்ற கை இல்லை, பிறந்ததிலிருந்தே நிற்கிற கை. அதை நினைத்து அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தது அவளுக்கே பிடித்திருந்தது.

மூன்று வருடம் இப்படிப் போனது. அப்புறம் ஊரில் புதுச் சமுதாயக்கூடம் கட்டி முடித்து, பெயின்ட் அடிக்க ராயப்பன்பட்டி ரெக்ஸ் வந்தான். சுவர் எவ்வளவு இருந்தாலும் அடித்துவிடலாம், மேல்தளம்தான் பெயின்டர்களுக்கு எமன். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து போய்விடும், தூக்கின கை மரத்துவிடும். ரெக்ஸின் ஆட்கள் இரண்டு பேர் மூன்றாம் நாளே வராமல் நின்றுவிட்டார்கள். டீக்கடையில் அவன் புலம்ப, கருத்தக்கண்ணன் வேடிக்கையாகச் சொன்னான்: "ஏலே, எங்க வீட்ல ஒரு கை எந்நேரமும் மேலதான் நிக்கிது. அதுல ஒரு பிரஷக் கட்டிவிடு." கடையே சிரித்தது. ரெக்ஸ் சிரிக்கவில்லை. கையில் டீ கிளாஸோடேயே எழுந்து அவள் வீட்டுக்குப் போய், வேலைக்கு வருகிறீர்களா அக்கா என்று கேட்டான். நாற்பத்தேழு வயதில், ஒரு வேலைக்கு வர இஷ்டமா என்று அவளிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்றாள்.

சாரத்தில் ஏறி நின்று முதல் பூச்சு வெள்ளையை ஐந்து நாளில் முடித்தாள். அந்தக் கைக்கு மேல்தளம் ஒரு விஷயமே இல்லை. ஆறாம் நாள் ரெக்ஸ் ஜன்னலுக்குக் கலந்து வைத்திருந்த நீலத்தில் கேட்காமல் பிரஷை முக்கி, மேலே கையகலத்துக்கு ஒரு கீற்றுப் போட்டாள். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. பந்தலுக்கு அடியில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும், இலைக்கும் இலைக்கும் நடுவில் வானம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருடமாக அவள் முகம் அதைப் பார்த்துத்தான் இருந்தது, ஆனால் கண்ணை அதில் வைக்க முடியாது. வைத்தால், "ஏத்தா, வானத்தப் பாக்காத, கொடியப் பாரு" என்று வரப்பிலிருந்து சத்தம் வரும். பார்க்காமல் விட்ட வானத்தையெல்லாம் இப்போது எடுத்து வைத்தாள். ஏழு மணி வானம், பத்து மணி வானம், மழை மேகம் மலையைத் தாண்டி இறங்கும்போது உள்ள வானம், உச்சி வெயிலில் நீலமே இல்லாமல் வெந்துபோன வானம். இலையை அவள் வரையவேயில்லை. நீலம் படாமல் விட்ட வெள்ளையெல்லாம் தானே இலையாகிவிட்டது. ரெக்ஸ் கீழே நின்று பார்த்தான். ஜன்னலுக்குப் பெயின்ட் பற்றாது என்று மட்டும் சொல்லிவிட்டு உத்தமபாளையம் போய் இன்னும் நான்கு டப்பா வாங்கி வந்தான்.

பத்தொன்பதாம் நாள் மேல்தளம் நிறைந்தது. ரெக்ஸ் டீயை நீட்ட, சுப்புத்தாய் வாங்கிப் பாதி குடித்த பிறகுதான் கிளாஸ் வலது கையில் இருப்பதைப் பார்த்தாள். சாரத்தில் உட்கார்ந்தபடி வாய்விட்டு அழுதாள், வெட்கப்படவில்லை. ரெக்ஸ் மீதி டீ ஆறிப்போகும் என்று சொன்னான்.

திறப்பு விழாவில் தலைவர் விஜய்ராஜே டிசைன் பிரமாதம் என்று மைக்கில் சொன்னார். பிரச்சினை அடுத்த வாரம்தான் வந்தது. கை சரியாகிவிட்டது என்றால் கவாத்துக்கு வர வேண்டியதுதானே? முதலாளி தோட்டத்துப் பதினோரு ஏக்கரில் சுப்புத்தாய் வெட்டின கொடிதான் நன்றாகக் காய்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விஜய்ராஜ் ஆள் அனுப்பினார். "மொதலாளி கூப்பிட்டாக, போகாம இருந்தா நல்லாருக்குமா?" என்று கருத்தக்கண்ணனும் சொன்னான். "எங்கை எறங்குனது பந்தலுக்குத் திரும்பப் போறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு அவள் ரெக்ஸோடு பண்ணைப்புரத்தில் ஒரு வீட்டு மேல்தளம் அடிக்கக் கிளம்பினாள். அங்கே இருக்கும்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. சமுதாயக்கூடத்தில் ஃபேன் மாட்ட வந்தவன் கொக்கியைச் சுற்றி ஒரு சாண் வானத்தைக் கொத்திவிட்டு, சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனான். அதே நேரத்தில் பண்ணைப்புரத்தில் சோறு தின்றுகொண்டிருந்த சுப்புத்தாயின் கை தோள்மட்டத்துக்கு எழும்பி நின்றது. ஓடிவந்து அந்த ஒரு சாணைத் திரும்ப வரைந்த பிறகுதான் இறங்கியது. இதை ஃபேன்காரன் ஊரெல்லாம் சொன்னான். விஜய்ராஜும் கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் பதினைந்து கிராமசபை அந்தக் கூடத்திலேயே நடந்தது. ஏழாவது தீர்மானம்: எஸ்டிமேட்டில் வெள்ளை என்றுதான் இருக்கிறபடியால் மேல்தளம் முழுவதையும் வெள்ளையடிப்பது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாத ஆள் கிடையாது. மேலே வெள்ளையானால் சுப்புத்தாயின் கை பழையபடி நிற்கும், நின்றால் அவள் பழையபடி தோட்டத்துக்கே வந்து நிற்பாள் என்பது தலைவர் கணக்கு. வந்திருந்தது நூற்று முப்பத்தெட்டுப் பேர். சிலருக்கு மனசில்லைதான், ஆனால் மோட்டார்த் தண்ணீருக்கும் கையெழுத்துக்கும் நாளைக்குத் தலைவர் வாசலுக்குத்தான் போக வேண்டும், அதனால் தூக்கினார்கள். கருத்தக்கண்ணனும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் தூக்கினான். பாண்டீஸ்வரன் வழக்கம்போல சுப்புத்தாய் பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்து, அங்கே கையைக் காணாமல் திகைத்துப்போனான்.

"அக்கா, ஒங்க கை?"

"எங்கை எம்மடியில கெடக்கு. நல்லாப் பாத்து எழுதிக்க. சுப்புத்தாய் கையத் தூக்கலன்னு எழுது. எழுதிட்டு வாசி, நான் கேக்கணும்."

அவன் எழுதினான், வாசிக்கவும் செய்தான். செங்குளத்துப்பட்டி ஊராட்சிப் பதிவேட்டில் ஏகமனதாக என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதிய முதல் தீர்மானம் அதுதான். நூற்று முப்பத்தேழுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது, எல்லோரும் கையை இறக்கலாம் என்றார் தலைவர். ஒரு கையும் இறங்கவில்லை. தலைவர் கையும்தான். மிட்டாய் கொடுத்ததை இடது கையால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை கம்பம் ரோட்டில் ஆறரை மணி பஸ் செங்குளத்துப்பட்டி எல்லைக்குள் பதினெட்டு இடத்தில் நின்றது. கருத்தக்கண்ணன் குளித்துவிட்டுத் துண்டோடு நிற்க, சுப்புத்தாய் அதை வாங்கிப் பிழிந்து, உதறி, அவன் கையிலேயே காயப்போட்டாள். அந்தத் துண்டு காய எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீர்மானம் தீர்மானம்தான் என்று விஜய்ராஜ் கம்பத்திலிருந்து ஒரு பெயின்டரை வரவழைத்தார். அவன் கதவோரமாக ஒரு பாகம் அடித்து முடித்தபோது சுப்புத்தாயின் கை காதோரமாக எழும்பி நின்றது. நின்ற கையை அவள் ஒரு நொடி அண்ணாந்து பார்த்தாள். மறுநொடி சிரிப்பு வந்தது. மேல்தளத்துக்கு வேண்டியது தூக்கின கைதானே? கூடத்துக்குப் போய்ச் சாரத்தின் மறுமுனையில் ஏறி, ஈரம் காயுமுன்னே அவன் வெள்ளைக்கு மேல் நீலத்தைப் போட ஆரம்பித்தாள். "அடி தம்பி, நீ பாட்டுக்கு அடி. நீ அடிக்க அடிக்க எங்கை மேல வருது, மேல வர வர நான் வரைவேன். யாரு கை மொதல்ல வலிக்கிதுன்னு பாப்பம்." மூன்று நாள் அடித்தான். நான்காம் நாள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அவன் வெள்ளையின் மேல் வந்த வானம் முன்னைவிட ஒரு மாற்றுக் கூடுதல் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சுப்புத்தாய்க்கு அது சந்தேகமே இல்லை.

தீர்மானம் ரத்தானால் கை இறங்கிவிடும் என்று ஊர் நம்பியது, ஆனால் கிராமசபைத் தீர்மானத்தை அடுத்த கிராமசபைதான் ரத்து செய்ய முடியும் என்று பாண்டீஸ்வரன் விதியைப் படித்துச் சொன்னான். அடுத்தது அக்டோபர் இரண்டு. சரியாக நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். அத்தனை நாளும் ஊர் இடது கையால் தின்றது, ஒரு கைக்குத் தோதாகச் சட்டை தைத்துக்கொண்டது, கட்டிலில் கையை நட்டுக்கொண்டு தூங்கியது. அக்டோபர் இரண்டு அன்று வேறொரு சிக்கல் வந்தது. ரத்துக்குச் சம்மதம் என்றால் கையைத் தூக்க வேண்டும், எல்லார் கையும் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. செயலர் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினான். சுப்புத்தாய் எழுந்தாள்.

"எனக்காக யாரும் எதுவும் பண்ண வேணாம். நீங்க வெள்ளையடிச்சா நான் திரும்ப வரைவேன், அது எம்பாடு. ஒங்களுக்கு இந்த வானம் வேணுமா வேணாமா? அண்ணாந்து பாருங்க. வேணுங்கிறவுக கைய எறக்குங்க."

பந்தலுக்கு அடியிலேயே ஆயுசைக் கழித்த ஊர் அது. அண்ணாந்து பார்த்தார்கள். கடைசி வரிசையில் இருந்த பஞ்சம்மாளின் கை முதலில் இறங்கியது, அப்புறம் அங்கொன்று இங்கொன்றாக, அப்புறம் மொத்தமாக. கருத்தக்கண்ணன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தவன், "ஏன் புள்ள, இவ்வளவையும் நீ அங்கனயா பாத்த?" என்று கேட்டான், துண்டு நழுவி மடியில் விழுந்தது. தலைவர் விஜய்ராஜ் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை, எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரன் நூற்று முப்பத்தாறு என்று எழுதிக் கோடு போட்டான்.

அடுத்த ஜனவரியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது, கை இன்னும் இறங்கவில்லை. பஸ்காரர்களுக்கு அவரும் பழகிவிட்டார், ஒரு விசில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விரும்புகிற நாளில் கூடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம், கதவுக்குப் பூட்டு இல்லை என்று சுப்புத்தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பந்தலுக்குள் அவள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. இப்போது ராயப்பன்பட்டியில் பிலோமினா டீச்சர் வீட்டு மாடியறை மேல்தளத்தில் வேலை நடக்கிறது, டீச்சர் ரோஜாப்பூ கேட்டார், சுப்புத்தாய் முடியாது என்று சொல்லிவிட்டு ஒரு மழை நாளை வரைந்துகொண்டிருக்கிறாள். காலை ஏழு மணிக்குக் கையைத் தூக்குகிறாள். பதினோரு மணிக்கு டீ வந்தால் இறக்கிக்கொள்கிறாள்.