தட்டிப்போன நாடுகள்

அந்த வீட்டில் நாடுகளுக்குப் பெயர் வைத்தது குட்டிதான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் அம்மாவும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எங்கே போய்க் குடியேறலாம் என்று பேசுவார்கள். அவர்கள் சொன்ன பெயர்கள் ஒன்பது வயதுக்காரியின் வாயில் நுழையவில்லை. தன் இஷ்டத்துக்குப் பனி நாடு, தீவு நாடு, மணல் நாடு என்று சூட்டிவிட்டாள். கொஞ்ச நாளில் வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிப்போனது.

குட்டியின் அம்மா டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அவளோடு சேர்ந்து மொழித் தேர்வு எழுதிப் பாஸானவர்கள் எப்போதோ பறந்துவிட்டார்கள். அவள் மட்டும், புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு எந்த நரம்பில் ஊசி ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தாள். அந்தப் புதிய பெண்களில் இரண்டு பேர்கூடக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அவளுடைய கணவர் டவர் கிரேன் ஓட்டுபவர். வீட்டு பால்கனியில் நின்று பார்த்தால், கட்டடங்களுக்கு அப்பால் அந்த மஞ்சள் கிரேனின் நீளக் கை தெரியும். காலையில் குட்டியின் ஸ்கூல் பஸ் அந்தக் கட்டுமான இடத்தை ஒட்டித்தான் போகும். ஜன்னல் வழியாக அவள் கையை ஆட்டுவாள். உச்சியிலுள்ள கூண்டில் ஒரு விளக்கு மினுக்கென்று எரிந்து அணையும். "இன்னைக்கும் அப்பா லைட் போட்டாரு" என்று சாயங்காலம் தவறாமல் சொல்வாள்.

முதலில் தட்டிப்போனது பனி நாடு. நர்ஸுக்கு அங்கே வேலை ஏறக்குறைய கைக்கு வந்திருந்தது. ஒருநாள் கணவர் தயங்கித் தயங்கி, கூடவே இருக்கும் தன் அம்மாவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம், இந்த வயதில் என்னை ஐஸில் வைத்துச் சாகடிக்கப் போகிறாயா என்று கேட்டு அழுதுவிட்டார்களாம் என்றார். சரி, பெரியவர்கள், அவர்கள் உடம்பையும் பார்க்கத்தானே வேண்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அடுத்தது தீவு நாடு. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும் என்று அம்மா சொல்கிறார்களாம். மணல் நாடு வந்தபோது, அங்கே வாசலைத் தாண்ட முடியாத வெயிலில் நான் யாரோடு பேசுவேன் என்று கேட்டார்களாம்.

நர்ஸுக்கு உள்ளுக்குள் புகைந்தது. நேரடியாகவே கேட்டுவிடலாமா என்று பலமுறை நாக்கு நுனிவரை வந்ததுண்டு. ஆனால், "நீ போய் நேரா கேட்டுடாத, மனசு உடைஞ்சிடுவாங்க, நான் பக்குவமா பேசிக்கறேன்" என்று கணவர் ஒவ்வொரு தடவையும் தடுத்துவிடுவார். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகம் சும்மா இருக்குமா? மாமியாரோடு பேச்சு ‘சாப்டீங்களா’, ‘மாத்திரை போட்டீங்களா’ என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது. மாமியாரும் கொஞ்ச நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. செய்வதையும் செய்துவிட்டு முறைப்பு வேறா என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் நான்காவது நாடு வந்தது. எந்நேரமும் மழை பெய்யும் ஊர் என்று கேள்விப்பட்டதும் குட்டி அதற்கு மழை நாடு என்று பெயர் வைத்தாள். ஆஸ்பத்திரியில் துவைத்த விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே போனில் நேர்காணலை முடித்தாள் நர்ஸ். குடும்பத்தோடு வரலாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கணவர் சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. அம்மாவிடம் பேசுகிறேன் என்றார். புதன்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். என்னை ஏதாவது முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டு நீங்கள் நன்றாக இருங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார்களாம். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தபோது, மாமியார் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். அளந்து பேசுவார், அடுத்தவர் பேசும்போது குறுக்கிட மாட்டார். நர்ஸ் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் எதிரில் போய் நின்றாள்.

"அத்தை, உங்க கால்ல வேணாலும் விழறேன். இந்த ஒரு நாட்டையாவது தடுக்காதீங்க."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். கையில் பாதி உரித்த பட்டாணி.

"யாரு தடுத்தது?"

"நீங்கதான் அத்தை. உங்களை முதியோர் இல்லத்துல விட்டுட்டுப் போகச் சொன்னீங்களாமே. உங்களை அப்படி விடுவோமா நாங்க?"

"நானா சொன்னேன்? யார்கிட்ட?"

"அவர்கிட்ட."

மாமியார் பட்டாணியைத் தட்டில் போட்டார். நாடு தேட ஆரம்பித்த முதல் நாளே மகனிடம் தான் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். நீங்கள் மூன்று பேரும் கிளம்புங்கள், நான் என் தங்கையோடு இருந்துகொள்கிறேன், அவளும் தனியாகத்தான் இருக்கிறாள், எனக்கு ஓர் அறையை ஒழித்தே வைத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அவர் பெட்டிகூட வாங்கிவிட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த அதை நர்ஸ் எத்தனையோ தடவை துடைப்பத்தால் தள்ளிப் பெருக்கியிருக்கிறாள்.

"அப்போ பனி நாடு?"

"குளிர்ல குழந்தைக்குத் தோல் வெடிக்கும்னு நீதானே வேணாம்னுட்ட?"

நர்ஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இருவரும் ஒவ்வொரு நாடாக எடுத்தார்கள். தீவு நாட்டில் ஆஸ்பத்திரி சின்னது, என் படிப்புக்குக் கௌரவமில்லை என்று மருமகள் உதறிவிட்டாளாம். மணல் நாட்டில் தண்ணீர் சரியில்லை, முடி கொட்டும் என்றாளாம்.

"முடிக்காக ஒரு நாட்டையே வேணாம்னு சொல்றவளான்னு எனக்கு வெறுத்துப்போச்சும்மா. அதான் உன்கிட்ட சரியாவே பேசல."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, செய்யாத குற்றத்துக்காக இரண்டு வருஷம் ஒருவரையொருவர் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். நர்ஸுக்குக் கோபம்கூட வரவில்லை. தினமும் பக்கத்தில் படுத்து எழுந்த மனிதர் யார் என்றே தெரியாமல் போய்விட்டதே என்ற திகில்தான் வந்தது.

அடுத்து வந்த நினைப்பை அவள் சொல்லவில்லை. மாமியாரே சொன்னார். "வேற பொம்பள சகவாசமா இருக்குமோன்னு நினைக்கிற. அவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு நேத்து வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பேன். இப்ப எனக்கும் எதுவும் தெரியல."

சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க அவளால் முடியவில்லை. குட்டி வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, போட்டிருந்த யூனிபார்மோடு பஸ் ஏறினாள்.

அந்தக் கட்டுமான இடத்துக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை. தகரத் தடுப்புக்கு நடுவில் ஒரு கேட், சிமெண்டுத் தூசி, எங்கோ கம்பி அறுக்கும் சத்தம். வாட்ச்மேனிடம், கிரேன் ஓட்டுபவரின் மனைவி நான், அவசரமாகப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேம்மா."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கணவரின் உயரத்தைச் சொன்னாள், நெற்றியில் உள்ள தழும்பைச் சொன்னாள். வாட்ச்மேனின் முகம் தெளிந்தது. "ஓ, ஸ்டோர்காரரா?" என்றவர் உள்ளே குரல் கொடுத்தார். சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர். இந்தம்மாவுக்கு எதுவுமே தெரியாது என்பது தெரிந்ததும், பேச்சை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நல்ல காற்றடித்த ஒருநாள், அவள் கணவர் மேலே கூண்டில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. கிரேனுக்கு ஒன்றும் இல்லை, மனிதருக்குத்தான். கை கால் எதுவும் அசையவில்லை. இறங்கி வரச் சொல்லி ரேடியோவில் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதிலே இல்லை. கடைசியில் இரண்டு பேர் மேலே ஏறி, இருக்கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பெல்ட் போட்டுக் கட்டி இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் ஏணியின் மூன்றாவது படியைத் தாண்டியதில்லை. தொழில் தெரிந்தவரை விட மனசில்லாமல் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். ஓவர்டைம் குறைந்துவிட்டது என்று சொல்லி வீட்டில் அவர் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

"அப்போ என் பொண்ணு கையாட்டும்போது லைட் போடறது?"

சூப்பர்வைசர் காலால் மண்ணைக் கீறினார். புதிதாக வந்தவன்தான் போடுகிறான் என்றார். ஸ்டோர்காரர் கேட்டுக்கொண்டார், அவனும் ஒருநாள்கூட மறந்ததில்லை.

இதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன் குழந்தை இத்தனை நாளும் முகம் தெரியாத ஓர் ஆளுக்கு ‘அப்பா’ என்று கையாட்டியிருக்கிறாள்.

ஸ்டோர் ஒரு தகர அறை. தலைக்கவசங்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. இடுப்புப் பெல்ட்டுகள் ஆணியில் தொங்கின. கணவர் ஒரு பெல்ட்டின் கொக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் வெள்ளை யூனிபார்ம் தெரிந்ததும் நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார். பெல்ட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அத்தைகிட்ட பேசிட்டேன்" என்றாள். "சூப்பர்வைசர்கிட்டயும் பேசிட்டேன்."

அவர் மெல்ல ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். முதலில் ஒருவாரம் மறைக்கலாம், சரியானதும் மேலே ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தாராம். ஒருவாரம் ஒருமாதமானது. அதற்குள் பனி நாடு வந்துவிட்டது. அங்கே போனால் என்ன வேலை என்று கேட்பார்கள், கிரேன் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய், அதற்கு ஒன்று என்று நாடு நாடாகப் போய்விட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னைப் பாத்துக்கணும்னு நீ இங்கயே இருந்துடுவ. உன் வாழ்க்கையை நான் கெடுத்தா மாதிரி ஆயிடும்."

"இப்ப மட்டும் என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அவர் பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டோரைப் பூட்டினார். பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டில் மாமியார் கூடத்தில் காத்திருந்தார். குட்டியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மருமகள் சொன்னதையெல்லாம் வழக்கம்போலக் குறுக்கிடாமல் கேட்டார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட இடம் வந்ததும் அவர் கை புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டது. மகன் பயந்துபோனதற்கு ஒரு வார்த்தையும் அவர் குறை சொல்லவில்லை. அவருக்கு ஆறாதது வேறு.

"பயம் யாருக்கும் வரும்டா. ஆனா எங்க ரெண்டு பேரையும் எதிரியாக்கி நடுவுல நீ ஒளிஞ்சுக்கிட்ட பாரு. அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிக் குறுகி நின்றதைப் பார்க்க நர்ஸுக்குச் சகிக்கவில்லை. இரக்கம் வந்தது, ஆனால் பக்கத்தில் போகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மழை நாட்டுக்குப் போன் போட்டுச் சம்மதம் சொன்னாள். யாரையும் கேட்கவில்லை. குட்டியையும் கூட்டிக்கொண்டு முதலில் தான் போவதாகவும், கணவர் வருவதா வேண்டாமா என்பதை ஒரு டாக்டரைப் பார்த்த பிறகு அவரே முடிவு செய்யட்டும் என்றும் வீட்டில் சொன்னாள். ஒன்றை மட்டும் அவர் தலையில் போட்டாள். குட்டியிடம் உண்மையை அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னார். பால்கனியில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த மஞ்சள் கையைக் காட்டி, மேலே இருப்பது நான் இல்லை என்றார். குட்டி எட்டி அந்தக் கூண்டைப் பார்த்தாள். பிறகு, "அப்போ அந்த அங்கிளுக்கு நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றார். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் வேறு பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். இதை ஸ்கூல் பஸ்ஸில் வரும் ஆயாம்மா சொல்லித்தான் வீட்டில் தெரிந்தது.

நர்ஸும் குட்டியும் கிளம்பிய வாரம், மாமியாரும் பெட்டியோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மகனோடு இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சமைக்கத் தெரிந்துகொள்ளட்டும், தனியாக இருந்தால்தான் புத்தி வரும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் கணவரும் மழை நாடு போய்ச் சேர்ந்தார். விமானத்தில் நடு இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டு, இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லையாம். அங்கே பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்கில் வேலை. பழைய வேலை என்ன என்று யாராவது கேட்டால், கிரேன் ஓட்டினேன், பயம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார். நர்ஸ் அவரை மன்னித்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவர் சாதாரணமாக ஏதாவது சொல்லும்போதுகூடச் சில நாள் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும், கையிலிருப்பதை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவரும் அதைப் பொறுத்துக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் முதலில் மகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விசாரிப்பார். அதை வைத்துவிட்டு அடுத்து மருமகளுக்குப் போடுவார். அவன் இன்ன இன்ன சொன்னான், நீ என்ன சொல்கிறாய் என்று வரிசையாகக் கேட்பார். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லி வருவாள்.

"சரி, எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு" என்பார் மாமியார். அதற்குப் பிறகுதான் இருவரும் மற்ற கதையெல்லாம் பேச ஆரம்பிப்பார்கள்.